சைரன் ஊதினால் சாருக்குப் பசி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

என் பெயர் முத்தமிழ்செல்வன். அரியலூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. அங்கே நாளெல்லாம் ஈ ஓட்டுவேன். ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனால்தான் எனக்கு மரியாதை. அங்கே பாறைக்கு வெடி வைக்குமுன் சைரன் ஊத வேண்டும். நேரம் பார்த்து ஊதுவது ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான்.

கரன்ட் இல்லாதபோதும் நேரத்தை மறக்காமல் இருக்க அதற்குள் பொட்டு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டது. கரன்ட் போய் வந்தால் போதும், கம்ப்யூட்டர் ஏதோ பழைய வருஷத்தில் கண்விழிக்கும். சைரன் கண்ட வேளையில் அலறும். உடனே குவாரி கேட்டில் காவலுக்கு இருக்கும் பூங்காவனம் அக்கா போன் செய்வார்.

"தம்பி, உங்க பொட்டிக்கு மறுபடியும் புத்தி பெசகிப் போச்சு. கத்திக்கிட்டே கெடக்கு. வெரசா வாங்க, வண்டி அனுப்புறேன்."

பைக் வரும். மேனேஜரே நாற்காலி இழுத்துப் போடுவார். வேலை முடிந்ததும் கோழிக்குழம்புச் சாப்பாடு. மாமியார் வீட்டில்கூட என்னை அப்படிக் கவனித்ததில்லை.

லாரி டிரைவர் பூவரசன் பெரிய கேலிக்காரர். "சைரன் ஊதினா வெடின்னு ஓடாதீங்கடா. நம்ம கம்ப்யூட்டர் சாருக்குப் பசி எடுத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

போன வெள்ளிக்கிழமை சைரன் ஊதியபோது அவர் பாறைக்கு அந்தப் பக்கம், லாரிக்குள் படுத்திருந்தார். வெடி வைப்பவர் கண்ணுக்கு லாரி தெரியவில்லை. அவர் லாரி இன்னும் கேட்டுக்கு வரவில்லையே என்று அக்கா போனில் கத்தியிருக்கிறார்.

"டேய் பூவரசா, வெளிய வாடா!"

"ஏங்க்கா, சாரு இன்னும் சாப்பிடலையா?"

சிரித்துக்கொண்டே கேட்டாராம். அதற்குள் பாறை பிளந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள் சார். அன்றைக்குக் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. முந்தின நாள்தான் திருத்திவிட்டு வந்தேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

பேட்டரியை ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். மாற்றினேனே. செத்ததை எடுத்துவிட்டு இன்னொரு செத்ததை வைத்தேன். அதுகூடப் பாதகமில்லை. நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் திருத்தும் மென்பொருள் உள்ளே இருந்தது. 'தொடங்கும்போது நேரம் வெகுவாகத் தப்பியிருந்தால் ஒரே தாவலில் திருத்து' என்று அதில் ஒரு வரி. அது இருந்தால் யாரும் கவனிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் மென்பொருள் நத்தையாக நகர்த்தும். வருஷக்கணக்கான பிழையை அப்படித் தீர்க்கவே முடியாது.

அந்த வரியை அழித்தது நான்தான். யாருக்கும் கெடுதல் நினைத்து அல்ல. அவ்வப்போது மரியாதையாகக் கூப்பிடட்டுமே என்றுதான்.

பூவரசனை எடுத்துப் போன பிறகு வரியைத் திரும்ப எழுதிவிட்டேன். புது பேட்டரியும் போட்டாயிற்று. இனி அந்தக் கம்ப்யூட்டர் தப்பாது. அக்காவும் எனக்குப் போன் செய்ய மாட்டார்.

என் வருத்தமெல்லாம் அது ஒன்றுதான் சார்.