உதிரிக் கூப்பன்

— வீட்லயே வெட்டிட்டு வந்த துணிக் கூப்பன் செல்லாது கண்ணு. ரேஷன் புக்கோட ஆள் வரணும், என் கத்திரிக்கோலால நான் வெட்டணும். சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, இன்னுமா இந்தச் சட்டம் உனக்குத் தெரியாது?

— தெரியும் மிசஸ் ஹாட்டர்ஸ்லி.

— தெரிஞ்சுமா டீ கப்புல அள்ளிட்டு வந்து நிக்கற, மேவிஸ்?

— தெருவே சேர்ந்து குடுத்தது. மிசஸ் காக்ராஃப்ட் மேல்கோட்டு எடுக்கறதுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க. பழசையே உள்பக்கம் திருப்பித் தச்சுக்கறேன்னுட்டாங்க. டாட்டர்சால் பெரியவர், 'என் கால்சட்டைய இனிமே எவ பாக்கப் போறா'ன்னு மொத்தத்தையும் குடுத்துட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இந்தத் தெருவுல பொறக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும், சத்தியமா.

— தங்கமான ஜனங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா உதிரிக் கூப்பன அதிகாரி பாத்தான்னா கடைய இழுத்து மூடிடுவான். அது சரி, கல்யாணக் கவுனுக்கு எந்தத் துணியப் பாத்து வச்சிருக்க?

— கவுன் ஐவி இரவல் தர்றா.

— யாரு, ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காத சண்டைக் காலத்துல காலுக்குக் குழம்புப் பொடியப் பூசிட்டு ஸ்டாக்கிங்ஸ்னு சொல்லித் திரிஞ்சாளே, அவளா?

— அவளேதான். எனக்கு அந்தச் சாம்பல் கலர் கம்பளித் துணி வேணும். சூட்டுக்கு.

— மாப்பிள்ளைக்கா? பட்டாளத்த விட்டு வர்றப்ப ஆளாளுக்கு ஒரு சூட்டு சும்மாவே குடுத்து அனுப்பினாங்களே. உன் ஆளு அத வித்துக் குடிச்சுட்டானா?

— இல்ல.

— பின்ன? ஏன் தலையத் தொங்கப் போடற?

— அவர் நம்ம பட்டாளத்துல இல்ல. மேட்டுப் பண்ணையில வேல பாக்கறாரே, சண்டைக் கைதின்னு தெரிய முதுகுல வட்டமா ஒட்டுப் போட்ட சட்டையோட... டீட்டர். கைதியக் கட்டிக்கலாம்னு சர்க்கார் இப்பத்தான் விட்டுச்சு. ஆனா கைதிக்கு ஏது கூப்பன்? அந்த ஒட்டோட சர்ச்சுல உன் பக்கத்துல நின்னு உன்னத் தலைகுனிய வைக்க மாட்டேன், கல்யாணமே வேணாம்ங்கறார்.

— ஜெர்மன்காரன்.

— ஆமா.

— தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.

— உங்க பையன் வில்ஃப் ஜெர்மனியில கைதியா இருந்து போய்ச் சேர்ந்ததாலதான். புக்கோட வந்தா யாருக்குத் துணின்னு கேப்பீங்க. அந்தப் பேர உங்க முகத்துக்கு நேரா சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. செல்லாதுன்னு தெரிஞ்சேதான் வீட்லயே வெட்டினாங்க. நீங்க கண்டுக்காம விட்டுடுவீங்களோன்னு எனக்கு ஒரு நப்பாசை. தப்புதான், மன்னிச்சுடுங்க. வர்றேன்.

— நில்லுடி. கப்ப வச்சுட்டுப் போ. அத்தன பேரையும் நாளைக்குப் புக்கோட வரச் சொல்லு. வெட்டின இடத்துல துண்டப் பொருத்திப் பாத்துக்கறேன். யாரு கேட்டாலும் என் கத்திரிக்கோல் வெட்டினதுதான்னு சொல்லிக்கறேன். குறைஞ்சா என் புக்குல இருக்கு.

— உங்க புக்குலயா? இந்த நன்றிய நான் எப்படி... உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?

— தெரு என்கிட்ட ஒண்ண மறைச்சுது. நானும் தெருகிட்ட ஒண்ண மறைச்சேன். எதிரி நாட்டுக்காரிய வாழ்த்தறாளேன்னு பேசுவாங்கன்னு பயந்துட்டேன். வில்ஃப் குளிர்ல விறைச்சுத்தான் செத்தான்னு நெனச்சிருந்தேன். கூட இருந்த பையன் போன மாசம் வந்து சொன்னான். கைதிங்க வேலைக்குப் போன பண்ணையில இருந்த ஒரு அம்மா, தன் புருஷனோட கம்பளிச் சட்டைய இவனுக்கு மாட்டிவிட்டு, கடைசி மூச்சு வரைக்கும் மடியில வச்சிருந்தாளாம். நன்றி சொல்லலாம்னா அந்த ஜெர்மன்காரி பேர் கூட எனக்குத் தெரியல, மேவிஸ். உன் ஆளக் கூட்டிட்டு வா, அளவு நான் எடுக்கறேன்.