ஊத்தச் சொன்ன தண்ணி

"டொக்டர் ஊத்தச் சொன்னவர், நான் ஊத்தினனான்தானே?"

வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா தன் கணவரிடம் கேட்டார். மடியில் கிளினிக் பை.

"பிறகேன் என்ர பிளட் டெஸ்ட்டிலை பொட்டாசியம் இன்னும் ஏறிக்கிடக்கு? கிட்னி களைச்சுப்போச்சு, இது கூடினால் நெஞ்சு நிண்டுபோம் எண்டு டொக்டர் சொன்னவரல்லோ."

"பொட்டாசியம் தண்ணியோடை போகட்டுமெண்டு கிழங்கு, கீரை எல்லாம் அவிச்சுத் தண்ணியை வடிச்சனான். ஒருநாளும் தவறவிடேல்லை."

"வடிச்சு எங்கை ஊத்தினனீர்?"

"தேங்காய்ப்பால் சொதிக்குள்ளை."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொட்டாசியம் பிரஷருக்கு நல்ல சத்து எண்டு முந்தி டொக்டர்தானே சொன்னவர்? சத்தை ஆராவது ஊத்தைக் கானுக்குள்ளை ஊத்துவினமோ?"

"அதுதானே பார்த்தன். கலியாணம் கட்டின நாளிலையிருந்து உம்மட சொதி இந்த மாசந்தான் ருசியாயிருந்தது."

"கேட்டுக் கேட்டுக் குடிக்கேக்கை தெரியேல்லையாக்கும்!"

பொரளை நெருங்கியது. அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சாருங்கோ, டொக்டரிட்டைச் சொதியெண்டு சொல்லிப்போடாதேங்கோ, வெக்கக்கேடு. அவர் வேண்டாமெண்ட வாழைப்பழத்தை எனக்குத் தெரியாமல் சாப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ."

கணவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டையும் சொல்லுறன். ரெண்டும் உண்மைதானே."