கயிறு பிடித்தவனுக்கு ஒரு வரி

கட்டன் சாயாதான், மேடம். இந்த வீட்டில் பால் வாங்குவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இனிப்பு கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீச்சாமுண்டித் தெய்யம் இறங்குமுன் பாடும் தோற்றம் பாட்டில் ஒரு வரி பழையதா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். லாக்கப்பில் பவித்ரன் அந்த ஒற்றை வரியையே திரும்பத் திரும்பச் சொல்கிறானாமே. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இந்த வடக்கு மலபாரில் தெய்யப் பாட்டுகளைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசியில் இந்தத் தாமோதரன் நம்பியாரின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பதில் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

தீச்சாமுண்டிக் கோலம் கட்டும் சுகுணன் பணிக்கரை நான் வெறுத்தேன் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. மழைக்காலத்தில் அவனை "எடா" என்று கூப்பிடுவேன். களியாட்டத் திருவிழாக் காலத்தில் அவன் தெய்வமாக முடி சூடி வந்தால் காலில் விழுவேன். எங்கள் ஊர் மரியாதை அப்படி. வணங்கியது தெய்வத்தை, அவனை அல்ல. அந்த வித்தியாசத்தை அவன் மறந்துவிட்டான் என்பதுதான் என் வருத்தம்.

என் ஆராய்ச்சியின் முடிவு எளிமையானது. தீச்சாமுண்டி கனல் குவியலில் திரும்பத் திரும்ப விழும்போது இரண்டு பேர் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்களே, அந்தக் கயிறு பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு. ஆதியில் தெய்வம் தானாகவே எழுந்தது. இதை நிறுவ என் ஆயுளில் பாதி போயிற்று. புத்தகம் வெளிவந்தபோது முதல் பிரதியை வாங்க சுகுணனையே மேடைக்கு அழைத்தேன். பெருந்தன்மையாகத்தான் அழைத்தேன். அவன் ஏழெட்டுப் பக்கம் புரட்டிவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டான்.

"மாஷே, புஸ்தகம் கனமாத்தான் இருக்கு. கயிறு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. சரி. வர்ற களியாட்டத்துல நீங்க விழுங்க. நான் ஓரமா நின்னு ஆராய்ச்சி பண்றேன்."

சிரித்தார்கள். என் மாணவர்களும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த துணைவேந்தர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தான். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தான். சுட்ட வடுக்கள் எனக்குத் தெரியட்டும் என்றுதான் சுருட்டியிருப்பான். "மனசுல வெச்சுக்காதீங்க மாஷே. வேகறது என் தோலு. அதான் நாக்கு நீண்டுடுச்சு" என்றான். மன்னிப்புக் கேட்கிறானா, எனக்கு மன்னிப்பு வழங்குகிறானா என்று விளங்கவில்லை. சாயா கொடுத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம்தான் அந்த வரியை எழுதினேன்.

*கயிறு பிடித்தோனே கைவிடு;*
*கனலே எழுப்பும் என்னை.*

பழைய சொல், பழைய நடை. எதுகைகூடப் போடவில்லை; போட்டிருந்தால் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும். இதுவரை நான் எழுதியதில் இதுதான் நன்றாக வந்தது.

எங்கள் ஊர்த் தெய்யக் கோயிலான வயலங்கர காவில் கயிறு பிடிப்பவர்கள் பவித்ரனும் அவன் தம்பி ரஜீவனும். பவித்ரன் என்னிடம் படித்தவன். நான் சொன்னால் வேதம். அவனைத் தனியே கூப்பிட்டு, செத்துப்போன ஒரு பாட்டுக்காரரின் வாயிலிருந்து இந்த வரியைக் கேட்டேன் என்றேன். கடைசி விழுகையில் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும், தெய்வம் தானே எழும், கோலக்காரனிடம் முன்கூட்டிச் சொன்னால் பலிக்காது என்றும் சொன்னேன்.

"பணிக்கருக்கு ஒண்ணும் ஆயிடாதே மாஷே?" என்று கேட்டான்.

"உனக்குத் தெய்வத்து மேல நம்பிக்கை இருக்கா இல்லையாடா?" என்றேன்.

அதற்கு எங்கள் ஊரில் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. தம்பியைத் தானே சம்மதிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான்.

களியாட்டத்தன்று விடிந்து வெயில் ஏறும்போது கடைசி விழுகை. சுகுணன் முகங்குப்புற விழுந்தான். கயிறு தளர்ந்தது. சுற்றி நின்ற கூட்டம் சாமி என்று கைகூப்பியது. குருத்தோலை ஆடை கருகும் வாசனை முதலில் வந்தது. பிறகு வேறு வாசனை. அவன் ஒரு கையைத் தூக்கினான்.

"இழுடா பவித்ரா."

மெல்லத்தான் சொன்னான். அருகில் நின்றதால் எனக்குக் கேட்டது. கோலத்தில் இருக்கும் தெய்வம் மனிதனைப் பெயர் சொல்லி அழைக்காது, மேடம். ஆகவே அங்கே கிடந்தது தெய்வமல்ல என்று எனக்கு உறுதியாயிற்று. பவித்ரன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்திருந்தால் இழுத்திருப்பான். நான் கண்ணை மூடிக் கைகூப்பினேன்.

கடைசியில் ரஜீவன்தான் அழுதுகொண்டே இழுத்தான். மங்களூர் ஆஸ்பத்திரியில் அந்த வாரமே முடிந்துவிட்டது. சுகுணனின் மனைவி பிரேமஜா பிணத்தின் அருகே என்னைக் கண்டதும், "வந்துட்டீங்களா மாஷே, எழுதிக்கோங்க" என்றாள். மரியாதை தெரியாத குடும்பம்.

பவித்ரன் என் பெயரை இதுவரை சொல்லவில்லை என்கிறீர்கள். நல்ல பிள்ளை. அவனை விட்டுவிடுங்கள். அந்தக் காலைப்பொழுது, அந்தக் கயிறு, அந்தச் சாவு, மூன்றும் என் வேலை. சுகுணன் எழமாட்டான் என்பது எனக்குத் தெரியும்; தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. போன வாரம் நீலேஸ்வரம் பக்கத்தில் ஒரு காவில் அந்த வரியைப் பாடினார்களாம். பாடியவருக்கு என்னைத் தெரியாது. கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம். ஜனங்கள் அழுதுகொண்டு கேட்கும் பாட்டு எப்படிப் பொய்யாகும்? என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி பழையதல்ல என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.