கோமளாவுக்கு வராத முறை

பள்ளிக்கூடத்துக்கு வி.ஆர். கண்ணாடி வாங்கறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்ததைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். ஒரு சின்னக் கதை இருக்கு... கேட்டுக்குங்க.

எஸ்தர்னு ஒரு சயின்ஸ் டீச்சர். 'மின்னழுத்த வேறுபாடு'னு போர்டுல எழுதிப் போட்டா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிரும். புரியுமா? கண்ணுக்கே தெரியாத சங்கதி எப்படிப் புரியும்? அதனால ஒரு வி.ஆர். கண்ணாடி இரவல் வாங்கிட்டு வந்தாங்க. அதைக் கண்ணுல மாட்டினா, நம்ம முன்னாடி நிஜம் மாதிரியே கரண்டு கம்பி அறுந்து கிடக்கும். சுத்தி மண்ணுல வளையம் வளையமா வெளிச்சம். கம்பிகிட்ட செக்கச்செவேல்னு... தள்ளிப் போகப் போக மங்கலா. வளையத்துக்கு வளையம் அழுத்தம் வேற. காலை அகட்டி வச்சா, ஒரு கால்ல ஏறி மறு கால்ல இறங்கும் கரண்டு. ஒட்டி வச்சா ஏறாது.

அடுத்த மாசம் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க வெளிய வருது. கேட்டுக்கு எதிர்ல... நிஜமாவே கம்பி அறுந்து ஈரத் தரையில விழுந்திருச்சு. பக்கத்துலயே எட்டாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. சபுரா, கோமளா.

எஸ்தர் டீச்சர் கேட்டுக்குள்ள நின்னு கத்தறாங்க. "ஓடாதீங்க. கண்ணாடியில பார்த்த வளையத்துல நிக்கிறீங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. சபுரா ரெண்டு காலையும் ஒட்டி வச்சு அப்படியே நின்னுட்டா. கோமளா? ஓடறதுக்குக் காலைத் தூக்கிட்டா. சபுரா கத்தினா.

"கோமு, எட்டி வைக்காத. மத்தக் காலை ஒட்டியே கீழ வை."

"பயமா இருக்குடி. ஓடிரலாம்."

"ஓடினா செத்துருவோம். ஒரு கால் ஒரு வளையத்துல, இன்னொரு கால் வேற வளையத்துல விழும்."

"எங்கடி வளையம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. என்னை நம்பு."

தூக்கின கால் அந்தரத்துலயே நிக்குது... மெதுவா, மெதுவா, அந்தக் கால் மத்தக் காலோட வந்து ஒட்டிச்சு.

டீச்சர் மின்வாரியத்துக்குப் போன் போட்டு, அவங்க லைனை நிறுத்தற வரைக்கும் ரெண்டும் மழையில அசையாம நின்னுச்சு. அப்புறம்தான் டீச்சர் ஓடிப் போய் ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. கோமளா அழல. ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"கண்ணாடி கொண்டு வந்த அன்னிக்கு என் முறை வர்றதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. அப்புறமாவது எனக்கு ஏன் டீச்சர் காட்டல?"

இரவல் கண்ணாடி, திரும்பிப் போயிருச்சு. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நம்மகிட்ட பதில் இருக்கா?

இந்தக் கண்ணாடி விளையாட்டுச் சாமான், பிள்ளைங்க கெட்டுப் போகும்னு இங்கயே சிலபேர் சொன்னீங்க. பார்த்த பிள்ளை புரிஞ்சு பிழைச்சுது. பார்க்காத பிள்ளை, சிநேகிதியை நம்பிப் பிழைச்சுது. பக்கத்துல அப்படி ஒருத்தி இல்லாத பிள்ளை... என்னங்க பண்ணும்?

பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்து போட்டோ எடுத்துக்கிட்டா போதாது. கடைசிப் பிள்ளை பார்த்து முடிக்கிற வரைக்கும், பாடம் முடியலைங்க.