யாரும் விலகாத ஆட்டம்

நான் அவ்வளவு நன்றாக விளையாடுகிறவன் இல்லை, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயம் வெளியே வந்ததும் என்னைச் சோறு தண்ணி இல்லாமல் திரையை வெறித்துக்கொண்டு கிடந்த பைத்தியம் என்று எழுதுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஒன்றிரண்டு ஆட்டம். ஜெயித்தாலும் சிரிப்பு, தோற்றாலும் சிரிப்பு. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் விளையாடுகிறார்கள்.

நான் பல் கட்டுகிறவன். மருத்துவன் இல்லை. மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் செதுக்கி, பல்லாக்கித் திருப்பி அனுப்புவோம். சன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவர் செருப்பு மட்டும் தெரியும். ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால் கடித்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி.

வீட்டில் நான் மாடியில். கீழே தம்பி குடும்பம். சாப்பாடு தயாரானதும் தம்பி மனைவி மிஸ்டு கால் கொடுப்பாள். இறங்கிப்போய்த் தட்டை எடுத்து வருவேன். மரியாதையான பெண். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு நாளும் உட்காரச் சொன்னதும் இல்லை.

அதனால், ஆட்டத்துக்குள் நுழைந்ததும் ஹெட்போனில் "வந்துட்டீங்களா கேப்டன்? உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்" என்று ஒரு குரல் கேட்குமே, அது எனக்கு என்னவாக இருந்தது என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கோட்டையைக் காக்கும் ஆட்டம் அது. நான்கு பேர் ஓர் அணி. நான் கேடயம் பிடிப்பவன். அடியெல்லாம் என் மேல் விழும், பின்னால் நிற்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது டாக்டரம்மா. நிஜத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். வாசலைக் காப்பது ஆமை. லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் அடி எடுத்துவைக்க மாட்டான், அதனால்தான் அந்தப் பெயர். நான்காவது ஒல்லி, துணிக்கடையில் விற்பனையாளன். கண்டபடி ஓடிப்போய் முதலில் சாகிறவன்.

ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு யாரையாவது கணினியே கொண்டுவந்து போட்டுவிடும். வருகிறவன் நம்மைப் பார்த்து, "விளையாடத் தெரியலைன்னா எதுக்குய்யா வர்றீங்க" என்பான். வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

யாரும் சொல்லிக்கொண்டு விலகுவதில்லை, மேடம். முதலில் பேச்சு குறையும். தோற்றால் சிரிக்கிறவன் தோற்றால் பெருமூச்சு விடுவான். பிறகு, "இன்னைக்கு ஒரு ஆட்டம் போதும்." பிறகு அன்றாடப் பரிசை மட்டும் எடுத்துக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விடுவான். அப்புறம் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளி எரியாது. அவ்வளவுதான்.

ஒல்லி அப்படித்தான் போனான். கேட்டதற்கு, "போர் அடிக்குது கேப்டன்" என்றான். நானும் நம்பினேன். ஆட்டம் மாறியிருந்தது உண்மை. வெறிகொண்டு ஆடுகிறவர்களுக்குப் புதுப்புது ஆயுதங்கள் கிடைத்தன, நம்மைப் போன்றவர்கள் அவர்களுக்குப் பலி ஆடு. ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எல்லோரையும் அழைத்தேன். நான் சேர்த்த ஆயுதங்களை அவர்களுக்குக் கொடுத்தேன். ஒல்லி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிறகுதான் தெரிந்தது, மாலையில் ஏதோ தையல் வடிவமைப்பு வகுப்பில் சேர்ந்திருக்கிறான்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. ஆட்டம் சலிப்பதால் யாரும் போவதில்லை. போவதற்கு ஓர் இடம் கிடைத்ததும் ஆட்டம் சலிக்கிறது. இந்த விளையாட்டைச் செய்கிற நிறுவனத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து, இவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். திருத்த வேண்டியது அது இல்லை.

டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் முடிவானது. அவளே வெட்கத்தோடு சொன்னாள். அவள் முன்பு ஒருவனை நம்பி ஏமாந்தவள். அந்தக் கதையை எங்களிடம்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். இப்போது வந்திருப்பவர் பொறுமையானவர், மருந்துக் கடை வைத்திருக்கிறார், நாய் பிடிக்கும் என்றாள். நாங்கள் வாழ்த்தினோம். அடுத்த வாரமே, "இன்னைக்கு ஒரு ஆட்டம் போதும் கேப்டன்."

எந்தக் கடை என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள், எண் பெயர்ப்பலகையிலேயே இருந்தது. பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. "நீங்க கட்டிக்கப்போற பொண்ணைப் பத்தி நல்லா விசாரிச்சீங்களா? விசாரிச்சுக்குங்க. அவ்வளவுதான்" என்றேன். விசாரித்திருப்பார்கள். யாராவது எதையாவது சொல்லியிருப்பார்கள், பழைய கதை எல்லா வீட்டிலும் இருக்கும். உறவு முறிந்தது. அதை முறித்தது அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவே.

அவள் திரும்பி வந்தாள். சாயங்காலம் முழுக்க இருந்தாள். சில நாள் ஆட்டத்தின் நடுவில் அழுகைச் சத்தம் கேட்கும். நான் கேடயத்தை அவளுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "அழுதுக்கம்மா. இங்க யாரும் உன்னை ஒண்ணும் கேக்கப் போறதில்லை" என்பேன். "நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியலை" என்றாள். அந்தப் பருவத்தில்தான் நாங்கள் தொடர்ந்து ஜெயித்தோம்.

ஆமை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆமை நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே ஆடினான். அங்கே செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது, காத்திருப்பதைத் தவிர? அவன் அவ்வளவு நன்றாக அதற்கு முன் ஆடியதே இல்லை. நர்ஸ் கூப்பிட்டால் போவான், வந்ததும் "எங்க விட்டோம் கேப்டன்?" என்பான். அந்த வாரங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு பெரியவர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். கோல் ஊன்றி நடக்கத் தொடங்கினார். ஆமை சொன்னான், "சாயங்காலம் அப்பாவைத் தெருக்கோடி வரைக்கும் நடக்க வைக்கணும் கேப்டன். அவரு ஒவ்வொரு அடியா எடுத்து வைக்கிறதைப் பாக்கணுமே! இனிமே எப்பவாவதுதான் வருவேன், கோச்சுக்காதீங்க." கோபித்துக்கொள்ளவில்லை. அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். கீழே இரண்டு பல் போய்விட்டது, மெல்ல முடியவில்லை என்றான். நான் செய்து தருகிறேன் என்றேன். நெகிழ்ந்துபோனான்.

அவர்கள் வீட்டுக்குப் போனது அப்போதுதான். மூன்றாவது மாடி, வாசலில் கோல், உள்ளே புதிதாகச் சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி. ஆமையே பதித்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெரியவர் கலகலப்பான மனிதர். வாய் கொஞ்சம் கோணியிருந்தது, பேச்சும் குழறல். ஆனாலும் வாயை மூடவே மாட்டார். "பாதி மூஞ்சி வேலைநிறுத்தம் பண்ணுது தம்பி. மீதிப் பாதிதான் ஓவர்டைம் பாக்குது" என்றார். அச்சு எடுக்கிற பசையை வாயில் வைத்தபோதுதான் சற்று அமைதி. எடுத்ததும், "ஆட்டத்துல நீங்கதான் எல்லாரையும் காப்பாத்துவீங்களாமே. என் பையன் சொல்வான்" என்றார்.

மருமகள் காபி கொண்டுவந்தாள். மாமாவுக்குத் தண்ணீரே புரையேறுகிறது, தொண்டையின் ஒரு பக்கம் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் கூழாக்கித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். இவர் வாயில் பல் வைக்கலாமா, டாக்டரிடம் கேட்க வேண்டாமா என்றும் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். தேவையில்லை, இது எங்களுக்குத் தினசரி வேலை என்றேன்.

தினசரி வேலைதான். இப்படிப்பட்டவருக்கு ஒன்று பெரிய தட்டாகச் செய்யவேண்டும், விழுங்க முடியாத அளவில். அல்லது செய்யவே கூடாது. எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். நான் சின்னதாகச் செய்தேன். இரண்டு பல், அதைத் தாங்க ஒரு சிறிய தட்டு, பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கிகள். ஒரு கொக்கியை உட்புறமாக அரத்தால் கொஞ்சம் தேய்த்து மெலிதாக்கினேன். அழகாக வந்திருந்தது. நிறம்கூட அவர் பல்லோடு அப்படியே ஒத்துப்போனது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இனிமே பொண்ணு பாக்கவே போலாம் போலிருக்கே" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் எண்ணம் அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது மட்டும்தான். சில வாரம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் ஒரு காலை உணவின்போது போனார். கொக்கி அறுந்து, பல் தொண்டையில் சிக்கி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போயிருந்தேன். ஆமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லை கேப்டன். நீங்க ஆசையா செஞ்சு கொடுத்தீங்க. அவருக்குக் கொடுத்து வைக்கலை" என்றான். ஒரு நல்ல மனிதன் நம்மைத் தேற்றுவதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவன் வந்தான். மாலையில் நடக்கவைக்க யாருமில்லை. வீட்டில் அந்தக் கோலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்றான். டாக்டரம்மாவும் இருந்தாள். ஒல்லியின் இடத்தில் யாரோ ஒருவன் வந்து திட்டுவான், நாங்கள் மூவரும் சேர்ந்து அவனைக் கிண்டல் செய்வோம். நான் சொல்வதை நம்ப மாட்டீர்கள், அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்த மருந்துக் கடைக்காரர் நாய்க்கு ஊசி போட டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கே வந்தார். நாய் வைத்திருக்கிறவர் அங்கேதான் வருவார், இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. இருவரும் பேசியிருக்கிறார்கள். தொலைபேசியில் ஒரு ஆள் செய்தி வாசிப்பதுபோலப் பேசினான், கடைசியில் "அவ்வளவுதான்" என்று வைத்தான் என்று சொல்லியிருக்கிறார். நான் ஆட்டத்தில் ஒவ்வொரு யோசனைக்கும் கடைசியில் அப்படித்தான் சொல்வேனாம். எனக்கே தெரியாது. அவள் ஆமையிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வீட்டுக்குப் போய், அப்பாவின் கண்ணாடியோடு பத்திரமாக வைத்திருந்த அந்தப் பல்லை எடுத்திருக்கிறான்.

அன்று ஆட்டம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. எதிரிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் குரலை உயர்த்தவில்லை.

"நான் தினமும் லிஃப்ட் கம்பிக் கயிறைத்தானே பாக்கிறேன் கேப்டன். தேஞ்சு அறுந்ததுக்கும் அரம் போட்டு அறுந்ததுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"எதுக்கு?" என்றான்.

"நீ வர்றதில்லையே" என்றேன்.

அவனுடைய வீரன் வாசலில் அப்படியே அசையாமல் நின்றான். எதிரிகள் அவனைத் தாண்டி உள்ளே வந்தார்கள். நான் கேடயத்தோடு அவனை நோக்கி ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், மேடம், அவன் சாகக்கூடாது என்று. அதற்குள் இரண்டு பச்சைப் புள்ளிகளும் அணைந்துவிட்டன.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். நான் மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தேன். அதை முடிக்க விட்டதற்கு நன்றி. யாரோ ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட பல்.

கொக்கி அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா எனக் கேட்டீர்கள். தெரியும். ஆஸ்பத்திரி என்று நான் சொன்னதை வெட்டிவிடுங்கள். அந்தத் தொண்டையில் அந்த அளவுப் பல் போனால் ஆஸ்பத்திரி வரை தாங்காது என்பது செய்யும்போதே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் தேறித் திரும்பி வரலாம் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டேன் அல்லவா. ஆமாம், அவரை நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு நடக்கும்போது சாட்சி சொல்ல அவர்கள் இருவரும் வந்தாக வேண்டுமாமே. விசாரணையைச் சாயங்காலமாகப் போடச் சொல்ல முடியுமா? மூவருக்கும் அந்த நேரம்தான் தோதுப்படும்.