கோல்கீப்பரின் மூன்று வீடுகள்

— கால ஆட்டாத குட்டி. ஐஸ் பை நழுவுது பாரு.

— நழுவட்டும்ணா. மரத்தே போச்சு. கையில என்ன, மறுபடியும் கையெழுத்தா?

— ஃபேஸ் கிரீம் கம்பெனி. மூணு வருஷ ஒப்பந்தம். பேசிப் பேசியே ரெண்டு மடங்கா ஏத்திட்டேன். உங்கண்ணன லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சியா?

— ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சியே தெரியாத கோல்கீப்பருக்கு ஃபேஸ் கிரீமா! அவங்களுக்கு ஹாக்கின்னா என்னன்னாவது தெரியுமா?

— சிரிக்காத. போன வருஷம் ஃபைனல்ல நாலு பெனால்டியத் தடுத்துட்டு, ஹெல்மெட்டக் கழட்டி அழுத பாரு… அந்த மூஞ்சிதான் இன்னிக்கு விலைபோகுது.

— அது வலியில அழுதது.

— எதுல அழுதா என்ன, படம் நல்லா வந்துச்சு. போடு கையெழுத்த. சாயங்காலம் மேட்ச்சுக்குக் கெளம்பறதுக்குள்ள அனுப்பணும். நாலாவது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணுமில்ல?

— நாலாவதா? மூணு வீடு இருக்கு. ஒண்ணுலயாவது ஒரு நாள் தங்கியிருக்கேனா நான்?

— நீ தங்கிட்டா வாடகை யாரு குடுப்பா? உன்கூட ஆடறவங்களப் பாரு. மொத சம்பளத்துல காரு, அடுத்த சம்பளத்துல அதவிடப் பெரிய காரு. ஆட்டம் நின்னா வண்டிக்கு பெட்ரோல் போட வழியில்ல. உனக்கு இருபத்துமூணு வயசு. மூணு வீடு, ஷூ கடையில பங்கு… எல்லாம் யாரால?

— உன்னாலதான். நான் இல்லேன்னா சொன்னேன்?

— பின்ன என்ன?

— எனக்குன்னு ஒரு நாற்காலி இல்லண்ணா. ஹாஸ்டல் கட்டில், ஓட்டல் கட்டில், பஸ் சீட்டு… மூணு வீட்டுலயும் செவுத்துக்கு என்ன கலர் அடிச்சிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

— வெள்ளைதான். அதுதான் மலிவு. முப்பது வயசுக்கு மேல கால் மேல கால் போட்டு உக்காந்து சாப்பிடு. யாரு வேணாம்னா?

— போட்டுக்கக் கால் மடங்கணுமே.

— ஆரம்பிச்சிட்டியா… ஒரு வீக்கத்துக்குப் போயி இந்தப் பேச்சா?

— இரு, படிக்கிறேன். “இந்த சீசனில் மீதமுள்ள ஆறு ஆட்டங்களிலும் களமிறங்கினால் மட்டுமே…” இது என்னண்ணா?

— அது சும்மா… பேருக்குப் போடறது.

— பேருக்குப் போடறத எதுக்கு இத்தன கொட்டை எழுத்துல போடறாங்க?

— ஆறே ஆறு ஆட்டம். பல்லக் கடிச்சுக்கிட்டு ஆடிடு. அப்புறம் ஆறு மாசம் நீ எழுந்திரிக்கவே வேணாம்.

— கடிச்சுக் கடிச்சு பல்லே தேஞ்சுபோச்சு. ஊசி போட்டாத்தான் கால் பேடையே கட்ட முடியுது. உள்ள சுத்தியிருக்கற கட்டு வெளிய தெரியாம இருக்க பெரிய அளவு பேடாப் பாத்து வாங்கிக் குடுத்தியே, அது கல்லு மாதிரி கனக்குது.

— ஊசி எல்லாரும் போட்டுக்கறதுதான்…

— அண்ணா, ஒண்ணு சொல்லணும். செவ்வாக்கிழமை ஜிம்முக்குப் போறேன்னேன்ல? போகல. வெளிய ஒரு டாக்டர்கிட்ட போனேன்.

— எதுக்கு? டீம் டாக்டர்தான் இருக்காரே… என்ன சொன்னாரு?

— ஏன் கொரல் இப்படி எறங்குது?

— இல்லம்மா… நீ சொல்லு.

— முட்டிக்குள்ள தசைநார் நூலு மாதிரி தொங்குதாம். இன்னும் ஒரு தடவ பந்துக்குப் பாஞ்சு விழுந்தா அறுந்துடும். அப்புறம் கோல் தடுக்கறது இருக்கட்டும், மாடிப்படி ஏறவே கைப்பிடியத் தேடணுமாம்.

— டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க.

— உனக்குத் தூக்கிவாரிப் போடும்னு நெனச்சேன்.

— இரு, கோச் கூப்பிடறாரு… ஹலோ, சொல்லுங்க சார்… என்னது? லிஸ்ட்ல அவ பேர் இல்லியா? யாரு சொன்னா சார் ஆட முடியாதுன்னு?… எந்த ஸ்கேன்?… சார்… ஹலோ… வச்சிட்டாரு. குட்டி, ஸ்கேன யாரு அவருக்கு அனுப்பினா?

— நான்தான். காலைலயே.

— அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இருந்த வேலைய விட்டுட்டு, கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கி, கெஞ்சி, கூத்தாடி… எல்லாத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியே!

— இந்தா, உன் பேப்பர். நான் கையெழுத்து போடல.

— என்ன அப்படிப் பாக்கற? சரி… எனக்குத் தெரியும். போதுமா? டீம் டாக்டர் நாலு மாசம் முன்னாடியே ரிப்போர்ட்ட எங்கிட்ட குடுத்தாரு. கோச்சுக்குச் சொல்லாதீங்கன்னு அவர் கால்ல விழாத குறையா நின்னேன். வெறும் வீக்கம்னு உங்கிட்ட சொன்னேன். எல்லாம் உனக்காகத்தான். இந்த ஒரு சீசன் தாண்டிட்டா… குட்டி, ஏதாவது பேசேன். திட்டவாவது செய்.

— திட்ட என்னண்ணா இருக்கு? அந்த ரிப்போர்ட்ட உன் பையில நான் அன்னிக்கே பாத்துட்டேன். மேட்ச்சுக்கு மேட்ச் பேடக் கட்டிக்கிட்டு உன் மூஞ்சியத்தான் பாப்பேன்… ‘போதும் குட்டி, வா போலாம்’னு இன்னிக்காவது சொல்லிடுவியான்னு. பாத்துக்கிட்டே பதினோரு மேட்ச் ஆடிட்டேன்.