திட்டினால் நிற்கும் லேத்து

அமுதவல்லி: ...இதுவரைக்கும் எழுதிட்டேன், கேளுங்க. "இருந்தவர்கள் மூவர். பெட்டியைச் செய்த எஞ்சினியர் மாதேஸ்வரன், கம்ப்ரசர் மேல். தங்கள் கம்பெனி லேத்து ஆபரேட்டர் சடையன், கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல். பெட்டிக்குப் புரோகிராம் எழுதிய எஞ்சினியர் அமுதவல்லி, இருந்த ஒரே நாற்காலியில். இடம், எங்கள் சங்ககிரிப் பட்டறை. நேரம், காலை பத்தரை."

மாதேஸ்வரன்: ஏம்புள்ள, பத்துப் பொட்டி ஆர்டர் குடுத்த மனுசனுக்கு, எவன் எதுமேல உக்காந்தான்னு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?

அமுதவல்லி: எதையும் ஒளிக்காம எழுதறோம்னு தெரியட்டும்.

மாதேஸ்வரன்: உக்காந்தத ஒளிக்காத. மத்தத ஒளி.

சடையன்: அம்மிணி... என்ற பேரு அதுல வேணுங்களா?

அமுதவல்லி: உங்க பேரு இல்லாம எப்படிங்ண்ணா? விசயமே நீங்கதான.

சடையன்: அட சாமி...

மாதேஸ்வரன்: "பொட்டி நல்லா வேல செய்யுதுங்க, ஆர்டருக்கு நன்றிங்க." ரெண்டு வரி, முடிஞ்சுது. தங்கசாமி மொதலாளி டெம்போ வாசல்ல நிக்குது. கடுதாசி வாங்காமப் போகமாட்டேன்னு டிரைவர் தனபால் ஹாரன் அடிச்சுட்டே இருக்கறான்.

அமுதவல்லி: அடிக்கட்டும். மாதேசு, நம்ம பொட்டிக்கு என்ன வேல?

மாதேஸ்வரன்: பரீட்சையா வைக்கற?

அமுதவல்லி: சொல்லு.

மாதேஸ்வரன்: லேத்துல இரும்பச் சீவறப்ப டூலோட முனை மழுங்கும். அந்தச் சத்தத்த மைக்குல கேட்டு, முனை ஒடையறதுக்கு முன்னாடியே மெசின நிறுத்தணும்.

அமுதவல்லி: அது எதக் கேட்டு நிறுத்துது?

மாதேஸ்வரன்: ...சடையண்ணனக் கேட்டு.

அமுதவல்லி: அவரு பாட்டா பாடுனாரு?

மாதேஸ்வரன்: திட்டுனாரு.

சடையன்: நான் மனுசங்களத் திட்டறதில்லீங்க அம்மிணி. டூலத்தான். முனை மழுங்கிப்போச்சுன்னா வாயில தன்னால வந்துரும், 'அட கெரகம் புடிச்சதே'ன்னு. அப்பறந்தான் மெசின நிறுத்தி வேற முனை மாட்டறது.

அமுதவல்லி: ரெண்டு மாசம் உங்க பக்கத்துல மைக்கு வச்சுச் சத்தம் புடிச்சோம். முனை போறப்பல்லாம் அதே வார்த்த. பொட்டி பாத்துச்சு, டூல் சத்தத்தப் படிக்கறதவிட இந்தத் திட்டு லேசா இருக்குதேன்னு அதப் படிச்சுக்கிச்சு.

மாதேஸ்வரன்: கெட்டிக்காரப் பொட்டி. என்னையாட்டம்.

அமுதவல்லி: உனக்கு இது எப்பத் தெரியும்?

மாதேஸ்வரன்: நேத்துத்தான்... உன்னையாட்டமே.

அமுதவல்லி: மாதேசு.

மாதேஸ்வரன்: ...போன வாரம். லேத்துகிட்ட என்ற போனு கீழ உளுந்து ஒடஞ்சுது. நானும் அதே வார்த்தயச் சொன்னேன். மெசின் நின்னுருச்சு.

அமுதவல்லி: ஏன்டா சொல்லல?

மாதேஸ்வரன்: பெங்களூர்க்காரன் மறுபடி உனக்கு வேலைக்கு மெயில் போட்டிருந்தான்ல... இதச் சொன்னா அன்னைக்கே பொட்டியக் கட்டிருவியோன்னு.

சடையன்: எந்தப் பொட்டிய தம்பி?

மாதேஸ்வரன்: துணிப் பொட்டியண்ணா!

அமுதவல்லி: அடுத்தது கேளுங்க. "நேற்று தங்கள் கம்பெனியில் தாங்கள் சோதனை பார்க்க வந்து லேத்துக்குப் பக்கத்தில் நின்றபோது, தங்கள் போர்வெல் ரிக்கு வண்டி டிரைவர் போனில் அழைத்தார். தாங்கள் அவரைக் 'கெரகம் புடிச்சவனே' என்று சொன்னீர்கள். சொன்ன மாத்திரத்தில் மெசின் நின்றது."

மாதேஸ்வரன்: அத அடிச்சுரு புள்ள! நின்னதும் மனுசன் முகத்தப் பாத்தியல்ல? 'முனை போயிருச்சாட்ட இருக்குது. பாருங்கடா, பொட்டிக்கு என்னா மூளை'ன்னு பூரிச்சுப் போயிட்டாரு!

அமுதவல்லி: அப்ப நீங்க என்னங்ண்ணா சொன்னீங்க?

சடையன்: ...'ஆமாங்க மொதலாளி, போயிருச்சுங்க'ன்னேன்.

அமுதவல்லி: நெசமா போயிருந்துச்சா?

சடையன்: காலைலதான் மாட்டுனது. பளபளன்னு இருந்துச்சு. உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாத்தனுங்க... சாணியள்ளி அப்புன மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல.

மாதேஸ்வரன்: பாரு, தங்கமான மனுசன். அவரு சொன்ன பொய்ய நீ வீணாக்கற. இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறையப் பூட்டிட்டு நீ பெங்களூரு போயிருவ. நான் எங்க மாமன் ரிக்கு வண்டியேறி, சட்டீஸ்கர்ல போர் போட்டுட்டுக் கெடக்கணும்.

அமுதவல்லி: தெரியும்.

மாதேஸ்வரன்: தெரிஞ்சும்...

அமுதவல்லி: பத்து லேத்துல மாட்டறோம். அங்க வேல செய்யறவன் எவனாச்சும் வாயே தெறக்காத ஆளா இருப்பான். அப்ப?

மாதேஸ்வரன்: பொட்டியோட சடையண்ணனையும் சேத்துக் குடுத்தர்லாம்.

சடையன்: பத்து மெசினுக்கும் நான் ஒருத்தனே எப்படிங்க திட்டறது?

அமுதவல்லி: வெளயாடாதீங்க. பொட்டி பாத்துக்கும்னு நம்பி அவன் நிப்பான். முனை ஒடஞ்சு தெறிக்கும். கண்ணுல அடிச்சா?

மாதேஸ்வரன்: எழுது. என்ற போனு ஒடஞ்சதையும் சேத்து எழுது.

அமுதவல்லி: எழுதறேன். "ஆகவே ஆர்டரை இப்போது நாங்கள் ஏற்பது நியாயமில்லை. ஒரு மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி சடையன் அண்ணனின் வாயை விட்டுவிட்டு, அவருடைய காதைப் பின்பற்றப் போகிறோம். எந்தச் சத்தத்தைக் கேட்டு முனை மழுங்கியதை அவர் கண்டுபிடிக்கிறாரோ, அதையே பெட்டிக்கும் கற்றுத் தருவோம்."

சடையன்: காதுங்களா?

அமுதவல்லி: ஆமாங்ண்ணா. தப்பா?

சடையன்: தப்புன்னு இல்லீங்க... காதுங்கறதுக்குப் பதிலா அனுபவம்னு போட்டா ஆவாதுங்களா?

மாதேஸ்வரன்: பெருமைய ஏத்துக்கவும் கூச்சப்படறாரு பாரு.

அமுதவல்லி: அனுபவத்துக்கு மைக்கு வைக்க முடியாதுங்ண்ணா. காதுன்னே இருக்கட்டும். மாதேசு, கையெழுத்துப் போடு. கிரீஸக் கழுவிட்டுப் போடு!

மாதேஸ்வரன்: போட்டாச்சு. இதயே மெயில்ல அனுப்பிருந்தா...

அமுதவல்லி: அவரு மெயில் படிக்க மாட்டாரு. பசைய இப்படித் தா. ...ஒட்டியாச்சு. யப்பா, இனி மொதலாளிகிட்ட ஒளிக்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்ல. ஓடு, குடுத்துட்டு வா.

மாதேஸ்வரன்: தனபாலு! இந்தா, திருச்செங்கோடு போனதும் மொதலாளி கையிலயே குடுக்கோணும், மேசைல வச்சுட்டு வந்துராத! சடையண்ணா, நீங்க போகலீங்களா?

சடையன்: நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க. அவன் கெளம்பட்டும்.

மாதேஸ்வரன்: கெளம்பிட்டான்.

சடையன்: நல்லாப் பாருங்க தம்பி.

மாதேஸ்வரன்: வளைவு திரும்பி மறஞ்சே போயிட்டானுங்ண்ணா.

சடையன்: கடுதாசில இனி ஒண்ணும் சேக்க முடியாதில்லீங்க அம்மிணி?

அமுதவல்லி: எப்படிங்ண்ணா முடியும்? ஒட்டி அனுப்பியாச்சே. ஏன்?

சடையன்: இல்ல... மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய லேத்த விட்டு எறக்கிக் கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சுருவாரு. அதான் ஊட்டுல கூடச் சொல்லல.

மாதேஸ்வரன்: எதைங்ண்ணா?

சடையன்: பேசறதெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. டூலோட அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் காதுல உளுந்து ஏழு வருசமாச்சு. முனை மழுங்குனா, வைக்கோல் நெறத்துல வர்ற இரும்புச் சுருளு நீலமா மாறுதுல்லங்க... அதக் கண்ணுல பாத்துத்தான் சாமி நான் திட்டறது.